கால் பவுன் எடையில் ஒரு மூஞ்சூறு

கேள்வி இது: "கலிபோர்னியாவில் ஒரு மூஞ்சூறு இனத்தை 2024 வரை யாருமே உயிரோடு படம் எடுத்ததில்லை என்று படித்தேன். கேமரா இல்லாத ஆளே இல்லாத காலத்தில் இது எப்படிச் சாத்தியம்? அது என்ன விலங்கு, எப்படி வாழ்கிறது? அடுத்த கோடையில் யோசெமிட்டி போகிறேன். என் கண்ணில் படுமா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரிதான்: அது பிடிபடாமல் இல்லை, பிடிபட்டதெல்லாம் செத்துத்தான் கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேலாக அருங்காட்சியக இழுப்பறைகளில் அதன் தோலும் மண்டையோடும் இருந்துகொண்டுதான் இருந்தன. உயிரோடு கையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஏன் செத்தது என்று விளங்கிவிட்டால் அது எப்படி வாழ்கிறது என்பதும் விளங்கிவிடும்.

அதற்கு முன் ஒன்று. மூஞ்சூறு எலி இல்லை. பிள்ளையார் வாகனத்தை எலியாகவே வரைந்து வரைந்து இரண்டும் ஒன்று என்று நம் மனதில் பதிந்துவிட்டது. எலிக்கு முன்னால் உளி மாதிரிப் பற்கள். அவை ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் அது எதையாவது கொறித்தபடியே இருக்கிறது. மூஞ்சூறு கொறிப்பதில்லை. அது பூச்சி, புழு, சிலந்தி தின்கிற வேட்டை விலங்கு. உறவுமுறையில் முள்ளெலிக்குத்தான் நெருக்கம் (அதற்கும் நாம் எலி என்றே பேர் வைத்திருக்கிறோம், அது வேறு கதை). ராத்திரியில் சமையலறைச் சுவரோரமாகக் கீச்சென்று கத்திக்கொண்டு, நாற்றத்தை விட்டுவிட்டு ஓடுகிறதே, அந்த வீட்டு மூஞ்சூற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட மூக்கு, கடுகு மாதிரிக் கண், வெல்வெட் ரோமம், எல்லாம் சரி. அளவை மட்டும் குறைத்துக்கொண்டே போங்கள். வீட்டு மூஞ்சூறு சாதாரணமாக 50 கிராமைத் தொடும். நாம் பேசுகிற லயல் மலை மூஞ்சூறு 2 முதல் 3 கிராம். கால் பவுன் என்பது 2 கிராம். நகைக்கடைத் தராசில் ஒரு தட்டில் கால் பவுன் மோதிரத்தையும் மறு தட்டில் இதையும் வைத்தால் முள் ஏறக்குறைய நடுவில் நிற்கும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை சுமார் 10 செ.மீ., அதில் 4 செ.மீ. வாலுக்கே போய்விடும். நெஞ்சுக்கூடு, இதயம், ஈரல், மூளை எல்லாம் மிச்சமிருக்கும் 6 செ.மீ.க்குள் அடக்கம்.

விலங்கியல் பெயர் சோரெக்ஸ் லயெல்லி. 1902-ல் இதை விவரித்துப் பெயர் வைத்தவர் கிளின்டன் ஹார்ட் மெரியம். இவரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க அரசின் உயிரியல் கணக்கெடுப்புத் துறையை உருவாக்கிய பெரிய மனிதர். ஆனால் சின்னச் சின்ன வேறுபாட்டைக் கண்டாலே புது இனம் என்று பிரித்துவிடும் ஆசாமி. வட அமெரிக்காவின் பழுப்புக் கரடிகளை மட்டும் 80-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து 1918-ல் எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் அவற்றையெல்லாம் ஒரே இனமாக்கி மூட்டை கட்டிவிட்டார்கள். அப்படிப்பட்டவர் பிரித்த இந்த மூஞ்சூறு மட்டும் இன்றுவரை தனி இனமாகத் தாக்குப்பிடித்திருக்கிறது. பெயர் வந்தது லயல் மலையிலிருந்து. யோசெமிட்டி தேசியப் பூங்காவிலேயே உயர்ந்த சிகரம் அது, கிட்டத்தட்ட 4,000 மீட்டர். மலைக்குப் பெயர் வந்தது பிரிட்டிஷ் புவியியலாளர் சார்லஸ் லயலிடமிருந்து. பூமியின் வரலாற்றைக் கோடி ஆண்டுக் கணக்கில் யோசிக்க உலகத்தைப் பழக்கியவரின் பெயர், ஒன்றரை வருடம்கூட முழுசாக வாழாத ஒரு பிராணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். சின்ன டம்ளரில் ஊற்றிய காபி பேசி முடிப்பதற்குள் ஆறிப்போகும். அண்டாவில் காய்ச்சிய வெந்நீர் ஒரு மணி நேரம் கழித்தும் சுடும். பருமன் குறையக் குறைய, உள்ளே இருக்கும் சூட்டோடு ஒப்பிட்டால் அது வெளியேறும் மேற்பரப்பு அதிகமாகிக்கொண்டே போகும். பாலூட்டிகள் எல்லாமே உடம்பைச் சூடாக வைத்திருந்தாக வேண்டும். யானை அண்டா. மூஞ்சூறு டம்ளர்கூட இல்லை, ஒரு ஸ்பூன். ஒழுகிக்கொண்டே இருக்கும் சூட்டை ஈடுகட்ட, உள்ளே அடுப்பு அணையாமல் எரிய வேண்டும். இதயம் நிமிடத்துக்கு 800 முறைக்கு மேல் துடிக்கிறது. ஒரு நாளைக்குத் தன் எடைக்குச் சமமான இரை வேண்டும், சில நாட்களில் அதற்கும் மேல். 60 கிலோ மனிதர் தினமும் 60 கிலோ சாப்பிடுவதாக நினைத்துப்பாருங்கள்.

இதிலும் ஒரு உள்விவகாரம் இருக்கிறது. மூஞ்சூறுகளில் பெரிதாக இரண்டு கிளைகள். நம் வீட்டு மூஞ்சூறு வெப்ப நாடுகளில் செழித்த கிளை, பல் வெள்ளையாக இருக்கும். அந்தக் கிளையில் பல இனங்கள் இரை கிடைக்காதபோது உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொண்டு சில மணி நேரம் மந்தமாகக் கிடந்து சமாளிக்கும். நம் லயல் மலை மூஞ்சூறு சேர்ந்த சோரெக்ஸ் கூட்டம் வடக்குக் குளிரில் வளர்ந்த கிளை. அதற்கு அந்த வசதி கிடையாது. அடுப்பைத் தணிக்கவே தெரியாது. அதனால் இரவு பகல் என்ற கணக்கெல்லாம் அதற்கு இல்லை. கொஞ்ச நேரம் வேட்டை, கொஞ்ச நேரம் கண்ணயர்வு, மறுபடி வேட்டை என்று 24 மணி நேரமும் சின்னச் சின்ன ஷிப்டுகளாக ஓடுகிறது. சில மணி நேரம் எதுவும் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது.

ஆய்வாளர்கள் கையில் அது செத்தே கிடைத்ததற்கும் இதுதான் காரணம். காட்டில் சிறு பாலூட்டிகளைப் பிடிக்க வழக்கமாக அலுமினியப் பெட்டிப் பொறி வைப்பார்கள். உள்ளே போகும் விலங்கு தரைத்தகட்டை மிதித்தால் கதவு மூடும். 2 கிராம் உடம்பு ஏறி நின்றால் பெரும்பாலும் தகடு அசையவே அசையாது. ஆகவே மூஞ்சூறுக்குக் குழிப்பொறிதான் சரி. பெரிய விஷயமில்லை, ஒரு பிளாஸ்டிக் கோப்பையை விளிம்பு தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்துவிடுவது. மூக்கால் தரையைத் துழாவிக்கொண்டு வேகமாக ஓடிவரும் பிராணி தொபுக்கென்று விழுந்துவிடும். மாலையில் புதைத்துவிட்டு, இரவு தூங்கி எழுந்து, காலையில் காபி குடித்துவிட்டுப் போய்ப் பார்ப்பது பழைய வழக்கம். அதற்குள் அது பசியிலும் குளிரிலும் விறைத்துக் கிடக்கும். அருங்காட்சியகத்துக்கு அது போதும். தோலையும் மண்டையோட்டையும் எடுத்துக்கொண்டு, தேதியும் இடமும் எழுதிக் கட்டிவிடுவார்கள். படம் எடுப்பவருக்கு அது உதவாது.

2024 நவம்பர் தொடக்கத்தில் விஷால் சுப்ரமணியன், பிரக்ரித் ஜெயின், ஹார்ப்பர் ஃபோர்ப்ஸ் என்ற மூன்று இளைஞர்கள், யோசெமிட்டி அமைந்திருக்கும் சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சரிவுக்குப் போனார்கள். மாநில வனவிலங்குத் துறையிடம் முறையாக அனுமதி வாங்கியிருந்தார்கள். இவர்களில் ஜெயினும் ஃபோர்ப்ஸும் பள்ளி முடித்த வயதிலேயே கலிபோர்னிய உப்பு ஏரிப்படுகைகளிலிருந்து இரண்டு புதுத் தேள் இனங்களை விவரித்தவர்கள், ஆகவே கத்துக்குட்டிகள் என்று சொல்லிவிட முடியாது. ஈரமான ஓடைக்கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்பைகளைப் புதைத்தார்கள். உள்ளே பூனை உணவும் புழுக்களும் போட்டுவைத்தார்கள். அப்புறம் செய்ததுதான் முக்கியம்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லாக் கோப்பைகளையும் சுற்றிப் பார்த்தார்கள். நடுராத்திரியிலும். நவம்பர் மாதச் சியரா குளிரிலும். சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் சில இரவுகள். அதாவது மூஞ்சூறின் ஷிப்டுக்கே இவர்களும் மாறிக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் தேடிப்போன பிராணி முதல் இரண்டு மணி நேரத்திலேயே கோப்பையில் விழுந்துவிட்டது. அது அந்தப் பகுதியில் அபூர்வமே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மிச்ச நாட்களில் மொத்தம் நான்கு இன மூஞ்சூறுகள் கிடைத்தன. வெள்ளைப் பின்னணியில், மேலே கண்ணாடி மூடிய சிறு பெட்டிக்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். மூடாவிட்டால் ஒரு நொடியில் மறைந்துவிடும். மரபணு ஆய்வுக்காகத் துளி திசு எடுத்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் அறியப்பட்ட பாலூட்டிகளில் உயிரோடு படம் எடுக்கப்படாமல் மிச்சமிருந்தது இது ஒன்றுதான் என்று செய்திகள் சொல்லின. அதுவும் 2025 தொடக்கத்தில் பத்திரிகைகளில் வந்துவிட்டது.

படத்தை நீங்களே தேடிப் பாருங்கள். சாம்பல் கலந்த பழுப்பு முதுகு, வெளிறிய வயிறு, முகத்தைவிட நீளமோ என்று தோன்றும் மீசை. எனக்கு அதில் பிடித்தது மூக்குதான். நிற்கிற மாதிரியே இல்லை, படத்தில்கூட எதையோ மோந்துகொண்டிருக்கிறது. கண் பெயருக்குத்தான். மூக்கையும் மீசையையும் வைத்துத்தான் பிழைப்பு. இதே மலைகளில் கூடவே வாழும் இன்னொரு சோரெக்ஸ் இனம் மனிதக் காதுக்கு எட்டாத மெல்லிய கீச்சொலிகளை எழுப்பி, அது திரும்பி வருவதை வைத்து எதிரே தடை இருக்கிறதா என்று அறிந்துகொள்ளும் என 1970-களிலேயே சோதனையில் காட்டியிருக்கிறார்கள். வௌவால் அளவுக்குத் துல்லியம் இல்லை, குருடர் கைத்தடியால் தட்டிப் பார்ப்பது மாதிரி.

வாயைத் திறந்தால் இன்னொன்று தெரியும். பல் நுனிகள் வெற்றிலை போட்ட மாதிரிச் சிவந்திருக்கும். கறை இல்லை, எனாமலுக்குள்ளேயே இரும்பு படிந்திருக்கிறது. வண்டின் ஓட்டையும் மண்ணோடு வரும் புழுவையும் நாள் முழுக்க மென்றால் பல் தேயும். இரும்பு அதைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. மூஞ்சூறுக்குப் பால் பல் பிறப்பதற்கு முன்பே கரைந்துவிடும். பிறந்த பின் முளைப்பது ஒரே செட். அது தேய்ந்து முடிந்தால் மென்று தின்ன வழியில்லை. கிழட்டு மூஞ்சூறின் மண்டையோட்டைப் பார்த்தால் சிவப்பு முழுக்கத் தேய்ந்து வெறும் மொட்டைப் பல்லாக இருக்கும். வயதைக் கணிக்க ஆய்வாளர்கள் அந்தத் தேய்மானத்தைத்தான் பார்க்கிறார்கள்.

வயது என்று பெரிதாக ஒன்றுமில்லை. சோரெக்ஸ் இனங்களின் வாழ்க்கை பொதுவாக ஒரே அச்சு. ஒரு கோடையில் பிறக்கும். அந்தக் குளிர்காலத்தைக் குட்டியாகவே கழிக்கும். அடுத்த கோடையில் இணைசேர்ந்து குட்டி போடும். அதன் பிறகு இலையுதிர் காலத்துக்குள் பெரும்பாலும் செத்துவிடும். ஆக, ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் பார்ப்பது ஒரே ஒரு குளிர்காலம்.

ஆனால் அந்த ஒன்று சாதாரணக் குளிர்காலம் இல்லை. இந்த மூஞ்சூறு வாழ்வது ஏறத்தாழ 2,000 மீட்டர் முதல் 3,600 மீட்டர் வரையிலான ஈரப் புல்வெளிகளிலும் வில்லோ புதர் அடர்ந்த ஓடைக்கரைகளிலும். சில மாதங்களுக்கு அங்கே எல்லாம் பனிக்கடியில் கிடக்கும். கரடி தூங்கப் போய்விடும், மர்மோட் என்ற மலை அணில் வளைக்குள் உறங்கிவிடும். கொழுப்பைச் சேர்த்துவைக்க 2 கிராம் உடம்பில் இடம் எங்கே இருக்கிறது? அதனால் இது தூங்காது. பனிக்கும் தரைக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டாகும். மேலே காற்று மைனஸ் 20 டிகிரியில் அடித்தாலும், பனியே கம்பளியாக மூடியிருப்பதால் அங்கே பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அந்த இருட்டு நடைபாதையில் புழுப்பருவத்தில் ஒடுங்கிக் கிடக்கும் பூச்சிகளையும் சிலந்திகளையும் தேடித் தின்றுகொண்டே மாதக்கணக்கில் ஓடும். பனி இல்லாத கடுங்குளிர்தான் அதற்கு ஆபத்து. நாம் நினைப்பதற்கு நேர்மாறு.

சோரெக்ஸ் கூட்டத்தில் இன்னொரு உத்தியும் உண்டு. கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. 1949-ல் போலந்து விலங்கியலாளர் அவுகுஸ்ட் டேனெல், ஐரோப்பாவின் சாதாரண மூஞ்சூறு மண்டையோடுகளை மாதவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, குளிர்காலத்தவை சின்னதாக இருப்பதைக் கவனித்தார். பெரிய தலைக்காரர்கள் செத்துப்போய்ச் சின்னத் தலைகள் மிஞ்சியிருக்கும் என்று சந்தேகிக்கலாம். ஆனால் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் ஒரே மூஞ்சூறைத் திரும்பத் திரும்பப் பிடித்து எக்ஸ்ரே எடுத்து 2017-ல் வெளியிட்டார்கள். மூளைக்கூடு சராசரியாக 15 சதவீதம் சுருங்கி, வசந்தத்தில் 9 சதவீதம் போல மறுபடி வளர்ந்திருந்தது. எலும்பு, மூளை, முதுகெலும்பு எல்லாம் சேர்ந்தே குறைகிறது. மூளை நிறைய எரிபொருள் குடிக்கும் உறுப்பு. வரும்படி குறையும் மாதங்களில் வீட்டில் ஒரு அறையைப் பூட்டிவைத்து மின் கட்டணத்தைக் குறைப்பது போல, உடம்பையே குறைத்துக்கொள்கிறது.

அடையாளம் காண்பது பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். வெளித்தோற்றத்தை வைத்து லயல் மலை மூஞ்சூறைப் பக்கத்து இனங்களிலிருந்து பிரித்துச் சொல்வது நிபுணருக்கே சிரமம். பழைய வழி, மண்டையோட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, மேல்தாடையில் வரிசையாக இருக்கும் ஒற்றை முனைப் பற்களில் எது பெரிது எது சிறிது என்று பார்ப்பது. உயிருள்ள பிராணியிடம் அது நடக்கிற காரியமா? மரபணுச் சோதனைக்குத் திசு எடுத்தது அதனால்தான்.

சரி, இனி கவலை தரும் பகுதி. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1908-ல் தொடங்கிய முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஜோசப் கிரினெல். 1914 முதல் யோசெமிட்டி பகுதியை அங்குலம் அங்குலமாகக் கணக்கெடுத்து, எந்த உயரத்தில் எது கிடைத்தது என்று நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்தார். இப்படிப்பட்ட வேலையின் மதிப்பு பல வருடம், ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் தெரியும் என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியே ஆயிற்று. அதே இடங்களுக்கு மறுபடி போய்ப் பார்த்தவர்கள் 2008-ல் வெளியிட்ட முடிவு: இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 3 டிகிரி ஏறியிருக்கிறது, கவனித்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி மேல்நோக்கி நகர்ந்திருக்கின்றன, சராசரியாக 500 மீட்டர். லயல் மலையின் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டது என்று 2013-ல் அறிவித்தார்கள். நகராத பனியாறு வெறும் உருகும் பனிக்கட்டிதான்.

மலை உச்சியை நோக்கிக் கூம்பிக்கொண்டே போகும். மேலே ஏற ஏற இடம் குறையும், இன்னும் ஏறினால் இன்னும் குறையும், அதற்கு மேல் வானம்தான். இந்த மூஞ்சூறுக்குத் தேவை குளிர் மட்டும் இல்லை. உருகும் பனி கோடையெல்லாம் மெல்ல ஊறி ஈரமாக்கி வைக்கும் புல்வெளியும், குளிர்காலத்தில் அந்தப் பனிக் கம்பளியும் வேண்டும். பனி குறைந்தால் இரண்டும் ஒரே அடியில் போய்விடும். இப்போதிருக்கும் வாழிடத்தில் 89 சதவீதம் வரை 2080-களுக்குள் தகுதியற்றதாகிவிடலாம் என்பது ஒரு கணிப்பு. கணிப்பு கணிப்புதான், அந்த எண்ணை நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்பதில் சந்தேகமில்லை.

இப்போது உங்கள் பயணம். உண்மையைச் சொன்னால், உயிரோடு பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கோப்பை புதைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தால், வேண்டாம். தேசியப் பூங்காவுக்குள் அது குற்றம், வெளியிலும் அனுமதி வேண்டும், போதாததற்கு நீங்கள் தூங்கிவிடுவீர்கள். முடிந்தால் பூங்காவின் கிழக்கு எல்லையில் இருக்கும் டயோகா கணவாய்ப் பக்கம் போய், வில்லோ புதர் உள்ள ஒரு ஓடைக்கரையில் சாயங்காலம் அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். காய்ந்த இலைக்கடியில் சரசரப்பு ஒரு கோடாக ஓடி, நின்று, மறுபடி ஓடினால் அது மூஞ்சூறாக இருக்கலாம். எந்த இனம் என்று கேட்காதீர்கள்.

அதைவிட அதிக வாய்ப்பு ஒன்று உண்டு. நடைபாதையில் காயமே இல்லாத மாதிரி ஒரு குட்டி மூஞ்சூறு செத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். நரியோ வேறு எதுவோ பிடித்துக் கடித்துவிட்டு, அதன் நாற்றம் பிடிக்காமல் போட்டுவிட்டுப் போயிருக்கும். கையால் தொடாதீர்கள். ஒரு குச்சி நுனியால் மேலுதட்டைக் கொஞ்சம் நிமிர்த்திப் பாருங்கள், சிவப்பு தெரியும்.